வக்கீல் ஆகும்வரை சோறு போடுவது யார்?

சட்டம் படிக்கப் போகிறேன் என்று சொல்லும் கிராமத்துப் பிள்ளையிடம் வீட்டில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். எத்தனை வருஷம் படிக்கணும்? படிச்சு முடிச்சதும் சம்பளம் வருமா? முதல் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரியும்: பிளஸ் டூ முடித்தவருக்கு ஐந்து ஆண்டு, பட்டம் பெற்றவருக்கு மூன்று ஆண்டு. இரண்டாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர்கள் குறைவு. கறுப்புக் கோட்டு போட்ட பிறகும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கையில் காசு நிற்காது என்பதுதான் உண்மை. அந்த ஆண்டுகளைத் தாண்ட முடியாமல் தொழிலைவிட்டே போனவர்கள் நம் தெருக்களில் நிறைய பேர். சுவரில் சட்டப் பட்டம் தொங்கும். ஆள் வேறு ஏதோ ஒரு வேலையில் இருப்பார்.

இதே கேள்விக்கு இங்கிலாந்து கடந்த பத்தாண்டுகளில் வேறொரு பதிலைக் கண்டிருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு சட்ட அலுவலகத்தில் சம்பளத்துக்குச் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படித்து, ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில் முழுத் தகுதி பெற்ற வழக்கறிஞராக வெளியே வரலாம். கல்விக் கட்டணமாக அந்தப் பிள்ளை ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. கூலி வாங்கிக்கொண்டே தொழில் பழகும் இந்த ஏற்பாட்டை நம் மாணவர்களும் பெற்றோரும் அறிந்துகொள்வது நல்லது. அங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கே எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே சொல்கிறோம்.

வழக்கின் வாசலில் நிற்பவர்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வக்கீல் தொழில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கட்சிக்காரரை நேரில் பார்ப்பது, அவர் குறையைக் கேட்பது, வழக்குக் கட்டைத் தயாரிப்பது, கிரயப் பத்திரம், உயில் எழுதுவது, வேலைநீக்கம், விவாகரத்து போன்றவற்றை நடத்துவது ஆகிய வேலைகளைச் செய்பவர் சொலிசிட்டர். மேல் கோர்ட்டுகளில் எழுந்து நின்று வாதாடுபவர் பாரிஸ்டர். வழக்கமாகக் கட்சிக்காரர் பாரிஸ்டரிடம் நேராகப் போவதில்லை; சொலிசிட்டர்தான் வழக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பார். நம் ஊர் கணக்கில் சொன்னால், ஏழை ஒருவர் கோர்ட்டுக்குள் நுழையும் வாசலில் நிற்பவர் சொலிசிட்டர்.

அந்த வாசலில் யார் நிற்கலாம் என்பதைப் பல காலம் பணமே தீர்மானித்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த ஒரு சட்டம், இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறவர் ஐந்து ஆண்டுகள் ஒரு மூத்தவரிடம் ஒப்பந்தம் எழுதி வேலை பழக வேண்டும் என்றது. பழக வருகிறவருக்குச் சம்பளம் கிடையாது. மாறாக, அவரைச் சேர்த்துக்கொள்வதற்காக அவர் குடும்பமே மூத்தவருக்கு ஒரு பெரிய தொகை கட்டியது. அந்த ஒப்பந்தப் பத்திரத்துக்கு அரசு தனியாக முத்திரைத் தீர்வையும் வாங்கியது. தொழிலைக் கையால் பழகும் முறை அப்போதே இருந்தது; காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது.

செருப்புத் தைத்தவரின் சேமிப்பு

அந்தக் கதவைத் தட்டித் திறந்த ஒருவரின் கதை நம் வாசகர்களுக்கு நெருக்கமானது. 1916 முதல் 1922 வரை பிரிட்டனின் பிரதமராக இருந்த டேவிட் லாயிட் ஜார்ஜ் ஒரு சொலிசிட்டர். குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தவர். வேல்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த தாய்மாமன்தான் அவரை வளர்த்தார். மருமகனைச் சட்ட அலுவலகத்தில் சேர்க்கக் குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் கரைந்தது. நுழைவுத் தேர்வுக்குப் பிரெஞ்சு மொழி தேவைப்பட்டபோது, மாமன் தானும் உட்கார்ந்து அந்த மொழியைக் கற்று மருமகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1884இல் மருமகன் சொலிசிட்டர் ஆனார்.

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 1888இல் லான்ஃப்ரோதன் என்ற ஊரில், கல் உடைக்கும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். தன் மகளின் கல்லறைக்குப் பக்கத்தில் தன்னை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை. அவர் அரசின் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேராத வேறு பிரிவுக் கிறிஸ்தவர் என்பதால் அவர்கள் முறைப்படி அங்கே அடக்கம் செய்யப் பாதிரியார் மறுத்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசல் பூட்டப்பட்டது. குடும்பத்தார் இளம் வக்கீல் லாயிட் ஜார்ஜிடம் போனார்கள். அவர் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, பூட்டை உடைத்துக்கொண்டு போய் அடக்கம் செய்யுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது என்றார். கீழ்க் கோர்ட்டில் தோல்வி. லண்டனில் மேல்முறையீட்டில் வெற்றி. அந்த வழக்குதான் அவரை வேல்ஸ் முழுவதும் அறியச் செய்தது. 1890இல் அவர் நாடாளுமன்றத்துக்குப் போனார்.

பொதுப் பாதையில் பிணம் போக விடாமல் மறிப்பதும், சுடுகாட்டுக்கு வழி கேட்டுத் தாசில்தார் அலுவலகத்தில் காத்துக்கிடப்பதும் நமக்குப் புதியவை அல்ல. அதனால் அந்த வழக்கின் பாடம் நமக்கு உடனே புரியும். பூட்டை உடைக்கலாம் என்று சொல்ல, அந்த மக்களின் வலி தெரிந்த ஒரு வக்கீல் தேவைப்பட்டார். அவரை உருவாக்க ஒரு செருப்புத் தொழிலாளியின் மொத்தச் சேமிப்பும் தேவைப்பட்டது. அந்தச் சேமிப்பு இல்லாத வீடுகளில் பிறந்த எத்தனை வக்கீல்கள் உருவாகாமலே போனார்கள்? அதற்குக் கணக்கு கிடையாது.

ஒரு வேறுபாட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். வேல்ஸில் செருப்புத் தைப்பது ஏழைமையான தொழில். தீண்டாமைக்குரிய தொழில் அல்ல. அவர் மருமகன் தகுதி பெற்ற பின், அவர் கையால் கட்டு வாங்கக் கட்சிக்காரர்கள் கூசவில்லை. அண்ணல் அம்பேத்கருக்கு நடந்தது வேறு. லண்டன் கிரேஸ் இன்னில் 1922இல் பாரிஸ்டர் ஆகி, 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். பம்பாயிலும் அப்போது இங்கிலாந்தைப் போலவே சொலிசிட்டர்கள் வழியாகத்தான் பெரிய வழக்குகள் பாரிஸ்டர்களுக்குப் போயின. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவரிடம் வழக்குக் கட்டைக் கொடுக்க அந்த சொலிசிட்டர்கள் முன்வரவில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் கற்ற அந்த மேதை, தொடக்க ஆண்டுகளில் கீழ்க் கோர்ட்டு வழக்குகளையும் ஏழைகளின் வழக்குகளையும் நடத்தியே காலம் தள்ளினார்.

இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். பட்டமும் தேர்வும் தொழிலின் ஒரு கதவுதான். அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது: பழகும் காலத்தில் சோறு போடுவது யார்? அதற்குப் பின்னால் இன்னொரு கதவு: வேலையைக் கொடுப்பது யார்? இங்கிலாந்தின் புதிய ஏற்பாடு முதல் கதவின் மேல்தான் கை வைத்திருக்கிறது.

ஏற்பாடு எப்படி நடக்கிறது?

20ஆம் நூற்றாண்டில் பழகுநரிடம் பணம் வாங்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. அதற்குப் பதிலாகப் பல்கலைக்கழகப் பட்டம், அதன் மேல் சட்டப் பயிற்சிப் படிப்பு, அதன் பின் ஓர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுப் பயிற்சி என்ற வரிசை நிலைத்தது. பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குப் பெரிய கடன் ஏறும். 2025-26 கல்வியாண்டில் இங்கிலாந்தில் பல்கலைக்கழகங்கள் உள்நாட்டு மாணவரிடம் 9,535 பவுண்டு வரை கட்டணம் வாங்க முடிந்தது.

இந்த நிலையில்தான் 2015இல் சொலிசிட்டர் தொழிற்பழகுநர் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 2016 செப்டம்பரில் முதல் அணி சேர்ந்தது. நம் பிளஸ் டூவுக்கு இணையான படிப்பை முடித்தவர் நேராக வேலைக்கு விண்ணப்பிக்கிறார். எடுத்துக்கொள்ளும் அலுவலகம் அவருக்கு வேலை ஒப்பந்தம் எழுதித் தருகிறது. மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. வழக்கமாக வாரத்தில் நான்கு நாள் அலுவலக வேலை, ஒரு நாள் படிப்பு. படிப்புக்கான நாளுக்கும் சம்பளம் பிடிக்கப்படுவதில்லை.

முதல் ஆண்டில் கோப்பு திறப்பது, நகல் எடுப்பது, கடிதம் எழுதுவது என்று சிறு வேலைகள். மூத்த சொலிசிட்டர் ஒருவர் மேற்பார்வை பார்ப்பார். ஆண்டுகள் போகப் போக, கட்சிக்காரரை நேரில் விசாரிப்பது, பத்திரம் வரைவது, சிறு வழக்குகளைத் தானே கொண்டுசெல்வது என்று பொறுப்பு கூடும். பெரும்பாலானவர்களுக்கு இடையிலேயே சட்டப் பட்டமும் கிடைத்துவிடுகிறது.

இறுதியில் எல்லோருக்கும் பொதுவான தகுதித் தேர்வு. எஸ்.கியூ.இ. என்று அழைக்கப்படும் இந்தத் தேர்வு 2021இல் வந்தது. முதல் பகுதியில் தலா 180 கேள்விகள் கொண்ட இரண்டு தாள்கள். மொத்தம் 360 கேள்விகள். இரண்டாம் பகுதி செய்முறைத் தேர்வு: கட்சிக்காரரை விசாரிப்பது, வாதாடுவது, சட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது, ஆவணம் வரைவது ஆகியவற்றைச் செய்துகாட்ட வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்தில் படித்தவரும் இதே தேர்வைத்தான் எழுதுகிறார். பதினெட்டு வயதில் வேலைக்கு வந்தவரும் இதையே எழுதுகிறார். தேறிய பின் இருவருக்கும் ஒரே பட்டயம், ஒரே பெயர்ப் பலகை. பழகுநராக வந்தவர் என்று தனி முத்திரை எதுவும் குத்தப்படுவதில்லை. இது சிறிய விஷயம் அல்ல. ஒதுக்கீட்டில் வந்தவர் என்ற ஏச்சைக் கேட்டே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதன் அருமை தெரியும்.

பணம் எங்கிருந்து வருகிறது?

சம்பளத்தை அலுவலகம் தருகிறது. கல்விக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவை ஒரு தனி வரி ஏற்கிறது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளப் பட்டியல் உள்ள எல்லா நிறுவனங்களும், அந்தத் தொகையில் 0.5 சதவீதம் என்ற கணக்கில் தொழிற்பழகுநர் வரி கட்ட வேண்டும். கட்டிய பணத்தைப் பழகுநர்களின் படிப்புக்கு மட்டுமே திரும்ப எடுக்க முடிந்தது. எடுக்காவிட்டால் கையைவிட்டுப் போகும். அதனால் பெரிய சட்ட நிறுவனங்களே பழகுநர்களைத் தேடத் தொடங்கின. வரி வரம்புக்குள் வராத சிறிய அலுவலகங்களுக்குப் படிப்புச் செலவின் பெரும்பகுதியை அரசு தருகிறது. ஒரு சொலிசிட்டர் பழகுநரின் பயிற்சிக்கு இந்த நிதியிலிருந்து 27,000 பவுண்டு வரை கிடைத்துவந்தது. அந்தச் செலவைப் பழகுநரிடம் வாங்குவதற்கு விதி இடம் தரவில்லை.

இந்தத் திட்டத்தின் உயிர் இந்த நிதி ஏற்பாட்டில்தான் இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று மூத்த வக்கீல்களிடம் கைகூப்பிக் கேட்டிருந்தால் எதுவும் நடந்திருக்காது. நிறுவனங்களிடமிருந்து சட்டப்படி பணம் வாங்கி, அதைப் பயிற்சிக்குச் செலவிட்டால் மட்டுமே பயன் என்று கட்டிவைத்ததால் நடந்தது.

குறைகளும் உண்டு

இதைச் சொர்க்க வாசலாக யாரும் எண்ண வேண்டாம். இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பெரிய நிறுவனங்களில் சேர்கிறவர்கள் கம்பெனிச் சட்டம், வணிக ஒப்பந்தம் என்று பழகுகிறார்கள். ஏழைகளின் வழக்கைப் பார்க்கும் சிறு அலுவலகங்களால் அதிகம் பேரை எடுக்க முடிவதில்லை. பள்ளியிலேயே யாராவது வழி சொல்லிக்கொடுத்தால்தான் இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே தெரிகிறது.

அண்மையில் இன்னொரு அடி விழுந்திருக்கிறது. இந்த உயர்நிலைப் பயிற்சிகளுக்கான அரசு நிதி, 2026 ஜனவரி முதல், சேரும்போது 16 முதல் 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே என்று 2025 மே மாதம் பிரிட்டன் அரசு அறிவித்தது. அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கும், சிறப்புக் கல்வித் தேவை உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் 25 வயது வரை விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு 22 வயதானால் கதவு மூடிக்கொள்ளும். சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி இதுபற்றிக் கவலை தெரிவித்தது. குடும்பச் சுமையால் தாமதமாகப் படிக்க வந்தவர்கள், பிள்ளை பெற்ற பின் படிப்பைத் தொடரும் பெண்கள், பல ஆண்டு அலுவலக உதவியாளராக இருந்து மேலே வர நினைப்பவர்கள் எல்லாம் இனி யாராவது தனியாகப் பணம் கட்டினால்தான் இந்த வழியில் வர முடியும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களே பெரும்பாலும் தாமதமாக வருகிறார்கள் என்பது நமக்கும் தெரிந்ததே. அரசு தன் விருப்பத்தில் தந்ததை அரசே சுருக்கிக்கொள்ளவும் முடியும். உரிமையாக எழுதி வாங்காத சலுகை எந்த நாட்டிலும் நிலைப்பதில்லை.

நம் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தத் திட்டத்தில் சேர அந்த நாட்டில் வேலை பார்க்கும் உரிமை வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுகளாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். மாணவர் விசாவில் போகிறவர் இதில் சேர முடியாது. லண்டனில் சம்பளத்தோடு சட்டப் படிப்பு வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஏஜெண்ட் வந்தால், நகையை அடகு வைக்காதீர்கள். இங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்தவர்கள் அங்கே நடக்கும் தகுதித் தேர்வை எழுதி சொலிசிட்டர் ஆக முடியும் என்பது உண்மை. ஆனால் தேர்வுக் கட்டணம் மட்டுமே ஏறக்குறைய 5,000 பவுண்டு. அது அவரவர் கைப்பணம்.

ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள்

இனி நம் கோர்ட்டு வளாகத்துக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று தொழிற்பழகுநர் சட்டம். ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகவோ வெல்டராகவோ பழக வரும் பிள்ளைக்கு நிறுவனம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்கிறது. மற்றொன்று வழக்கறிஞர்கள் சட்டம். சீனியரிடம் தொழில் பழக வரும் ஜூனியருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை.

பதிவுக்கு முன் பயிற்சி வேண்டும் என்ற விதி 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. பார் கவுன்சில் 1995இல் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தபோது, அதற்குக் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எழுத்தில் பயிற்சி நீங்கியது, நடப்பில் நீங்கவில்லை. சீனியரிடம் போகாமல் தொழில் கற்க முடியாது. வாய்தா வாங்குவதும், குறுக்கு விசாரணை செய்வதும் புத்தகத்தில் வராது.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. தொழில் நடத்தும் வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலை எதுவும் பார்க்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. தொழிலின் கண்ணியத்துக்காக வந்த விதிதான். ஆனால் விவசாயக் கூலி வீட்டிலிருந்து வந்த ஜூனியருக்கு அதன் பொருள் வேறு: இங்கே சம்பளம் கிடையாது, வேறு எங்கும் சம்பளம் வாங்கவும் கூடாது. பஸ் கட்டணம், அறை வாடகை, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, சட்டப் புத்தகம் எல்லாவற்றையும் அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து எடுக்க வேண்டும். தாத்தா காலத்து அலுவலகமும் அலமாரி நிறையப் புத்தகமும் உள்ள வீட்டுப் பிள்ளை இந்த மூன்று ஆண்டைப் பொறுமையாகக் கடந்துவிடும். நம் பிள்ளை கடக்காது. பிறகு, திறமை இல்லை, அதனால் போய்விட்டான் என்று பேசுவார்கள்.

எந்த சீனியரிடம் சேர்வது என்பதிலும் உறவு, ஊர், சாதி எல்லாம் கலந்திருப்பதை கோர்ட்டு வாசலில் டீ குடிக்கிற எவரும் அறிவர். 1980இல் ஏ. வரதராஜன் உச்ச நீதிமன்றத்தின் முதல் பட்டியல் சாதி நீதிபதி ஆனார். தமிழ்நாட்டுக்கு அது பெருமை. 2007இல் கே.ஜி. பாலகிருஷ்ணனும், 2025இல் பி.ஆர். கவாயும் தலைமை நீதிபதி ஆனார்கள். உச்சியில் சிலர் ஏறிவிட்டார்கள் என்பதால் அடிவாரப் பாதை சரியாகிவிட்டது என்று பொருளில்லை.

இது வக்கீல்களின் சொந்தப் பிரச்சினையும் அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அதன் 1995ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அனுபவமுள்ள மூத்த வழக்கறிஞர் ஒருவரை வழக்கு நடத்த மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம். உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆனால் நம்பிக் கேட்கக்கூடிய வழக்கறிஞர் அந்த மாவட்டத்தில் இருக்க வேண்டுமே! ஊருக்குப் பயந்து வழக்கை எடுக்கத் தயங்கும் கோர்ட்டில், துணிந்து வக்காலத்து போட நம் தெருவிலிருந்து ஒருவர் வேண்டும். அவர் இருபத்தைந்து வயதில் பட்டினியால் தொழிலைவிட்டுப் போயிருந்தால், நாற்பத்தைந்து வயதில் மூத்த வழக்கறிஞராக எங்கிருந்து வருவார்?

உத்தரவு வந்துவிட்டது, கைக்கு வரவில்லை

இரண்டு நல்ல உத்தரவுகள் 2024இல் வந்தன. வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சில மாநிலங்களில் 40,000 ரூபாயைத் தாண்டியும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். சட்டத்தில் உள்ளதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். கூடுதல் கட்டணம் ஏழைகளையும் ஒடுக்கப்பட்டவர்களையும் தொழிலிலிருந்து தள்ளிவைக்கிறது என்பதையும் அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அதற்கு முந்தைய மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகையை உறுதிசெய்யுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய். மற்ற இடங்களில் 15,000 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று பரிந்துரைத்தது. பரிந்துரை என்ற சொல்லைக் கவனியுங்கள். கொடுக்காத சீனியருக்கு என்ன நடக்கும்? ஜூனியர் யாரிடம் புகார் சொல்வது? புகார் சொன்ன பின் எந்த அலுவலகத்தில் அவர் நுழைய முடியும்?

இங்கிலாந்தின் ஏற்பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். தனிமனிதரின் தயவில் தொங்கும் தொகை ஏழைக்கு வந்து சேராது. பணம் எங்கிருந்து வரும் என்பதை முதலில் கட்ட வேண்டும். சிறு ஊரில் தாமே தடுமாறும் சீனியரால் மாதம் 15,000 ரூபாய் கொடுக்க முடியாது என்பதும் உண்மைதான். அதனால் வசதியுள்ளவரிடம் வாங்கி, வசதியில்லாத அலுவலகத்தில் பழகும் ஜூனியருக்குக் கொடுக்கும் ஒரு பொது நிதி வேண்டும். பெரிய நிறுவனங்களும், பெருந்தொகைக்கு வாதாடும் மூத்த வழக்கறிஞர்களும் அதில் பங்கு கட்டட்டும். அரசும் தன் பங்கை வைக்கட்டும். ஏழைக் குடும்பத்து இளம் சட்டப் பட்டதாரிகளுக்கு மாதம் 3,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020இல் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் அந்தத் தொகையில் மாவட்டத் தலைநகரில் ஓர் அறை வாடகைகூடத் தேறாது.

இரண்டாவதாக, அரசே பயிற்சி இடங்களைத் திறக்கலாம். மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, நகராட்சிகள், அரசு நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் வழக்குகள் குவிந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்டுக்குச் சம்பளத்தோடு பழகுநர் இடங்கள் வைத்து, இடஒதுக்கீட்டு முறையில் நிரப்பினால், சீனியர் தேடி அலையும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குச் சாதி பார்க்காத ஒரு கதவு கிடைக்கும். இருபது ஆண்டு கோர்ட்டு நடைமுறை தெரிந்த வக்கீல் குமாஸ்தாவோ அவர் மகளோ சட்டம் படிக்க விரும்பினால், படிப்புக் கட்டணத்தை அந்தப் பொது நிதியே ஏற்கலாம்.

மாணவர்களுக்குச் சில சொற்கள்

சட்டக் கல்லூரியில் சேரும்போதே ஆதிதிராவிடர் நலத் துறையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்றுகளை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். படிக்கும்போதே விடுமுறையில் ஒரு வக்கீல் அலுவலகத்துக்கோ மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ போய் வாருங்கள். வழக்குக் கட்டை எப்படிக் கட்டுகிறார்கள் என்று பாருங்கள்.

பதிவின்போது 125 ரூபாய்க்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள். இளம் சட்டப் பட்டதாரிகள் தொழில் தொடங்கத் தாட்கோவில் உதவி உண்டா, நிபந்தனைகள் என்ன என்று மாவட்ட அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். வசதியற்ற குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட, மாதத் தொகை கொடுத்து வழக்கறிஞர்களை நியமிக்கும் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022 முதல் மாவட்டங்களில் விரிவுபடுத்தியிருக்கிறது. அதில் உதவி வழக்கறிஞர் பணிக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவான அனுபவம் உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு மாவட்ட நீதிமன்றப் பலகையில் ஒட்டப்படும். கண்ணை அங்கே வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று. சட்டம் படித்த பிள்ளை உடனே சம்பாதிக்கவில்லை என்று குத்திக்காட்டாதீர்கள். அது அவன் தவறோ அவள் தவறோ அல்ல. தொழிலைக் கட்டியவர்களின் தவறு. அந்தக் கட்டுமானத்தை மாற்றும் அதிகாரம் பார் கவுன்சிலிடமும் அரசிடமும் இருக்கிறது. பார் கவுன்சில் உறுப்பினர்களை வழக்கறிஞர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடுத்த தேர்தலில் கைகுலுக்கி வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு வேட்பாளரிடமும் நம் இளம் வழக்கறிஞர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "ஐயா, உங்கள் ஜூனியருக்கு இந்த மாதம் எவ்வளவு கொடுத்தீர்கள்?"